சிற்றலைப் பகுப்பாய்வு: சிக்கனத்தின் பலனும் விலையும்

ஒரு சிக்னலில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்பதை ஃபூரியர் பகுப்பாய்வு துல்லியமாகச் சொல்லிவிடும். எந்த அதிர்வெண் எந்தக் கணத்தில் எழுந்து அடங்கியது என்பதை மட்டும் அந்த விடையிலிருந்து நேராகப் படிக்க முடியாது. எண்ணெய் தேடுவதற்காக நிலத்துக்குள் அதிர்வு அனுப்பி, அதன் எதிரொலிகளை ஆராய்ந்த பிரெஞ்சுப் புவி இயற்பியலாளர் ழான் மொர்லேக்கு இது பெரிய குறை. பாறை அடுக்கு எந்த ஆழத்தில் மாறுகிறது என்பதுதானே அவர் கேள்வி! 1980களின் தொடக்கத்தில் அவரும் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனும், நீட்டவும் குறுக்கவும் கூடிய சிற்றலைகளைக் கொண்டு சிக்னலை அளக்கும் வழியை வகுத்தார்கள்.

இவ் மெயரும் ஸ்டெஃபான் மல்லாவும் அதைப் பல்பிரிதிறன் பகுப்பாய்வாக ஒழுங்குபடுத்தினார்கள். இதன் மிக எளிய வடிவம் ஆல்ஃபிரட் ஹார் 1910இல் வெளியிட்டது. எண்களை இரண்டிரண்டாக எடுத்துச் சராசரியை ஒருபுறமும் வித்தியாசத்தை மறுபுறமும் எழுத வேண்டும். பிறகு சராசரிகளை மட்டும் மறுபடி அப்படியே பிரிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் தனியே விலக, பருமையான உருவம் மிஞ்சும். 1,024 எண்கள் உள்ளே போனால் 1,024 எண்களே வெளியே வரும். இந்தச் சிக்கனமே இம்முறையின் முதன்மையான பலம். அதன் பெரிய குறையும் இதிலிருந்தே பிறக்கிறது.

பலத்துக்கு நல்ல சான்று, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1993இல் ஏற்ற கைரேகைச் சுருக்கத் தரம். அங்குலத்துக்கு 500 பிக்சல் வீதம் பதிவான ஒரு கைரேகை அட்டைக்குச் சுமார் 10 மெகாபைட் தேவைப்பட்டது. அதை ஏறத்தாழ 15இல் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டுவதால், அந்த அளவு சுருக்கத்தில் கட்டங்களின் ஓரங்களே ரேகைகளின் குறுக்கே தெரியத் தொடங்கும். சிற்றலைகள் படம் முழுவதையும் ஒன்றாகக் கையாண்டு, ரேகையின் ஓட்டத்தைக் காப்பாற்றின. திரையரங்குகளுக்குச் செல்லும் டிஜிட்டல் சினிமாவில் இன்றும் சிற்றலை அடிப்படையிலான ஜேபெக் 2000தான் புழங்குகிறது.

இனி குறையைப் பார்ப்போம். 0, 0, 0, 0, 8, 8, 8, 8 என்ற எட்டு எண்களை ஹார் முறையில் பிரித்தால் முதல் இரண்டு படிகளிலும் எல்லா வித்தியாசங்களும் பூஜ்யம். ஏற்றம் கடைசிப் படியில் மட்டுமே தெரியும். அதே ஏற்றம் ஓரிடம் தள்ளி, 0, 0, 0, 0, 0, 8, 8, 8 என்று வந்தால் மூன்று படிகளிலும் தெரியும். நிகழ்வு ஒன்றே, பதிவு தொடங்கிய இடம் மாறியதால் விடை மாறிவிட்டது. சேமித்த படத்தை மீட்பதற்கு இது தடையாகாது. இதயத் துடிப்பின் பதிவில் கோளாறு தேடுபவருக்கு இது ஆபத்து.

படங்களில் இன்னொரு குறையும் உண்டு. வழக்கமான முறை கிடை, நெடுக்கு, மூலைவாட்டு என மூன்று திசைகளையே பிரிக்கிறது. வளைந்து செல்லும் மெல்லிய இரத்தக் குழாயின் விளிம்பு எண்ணற்ற சிறு குணகங்களாக, அதாவது சிறு வித்தியாச எண்களாக, சிதறிப்போகும். ஒரு வரம்புக்குக் கீழுள்ள சிறு குணகங்களை இரைச்சல் என்று கருதி நீக்குவது டோனஹோவும் ஜான்ஸ்டனும் 1994இல் முன்வைத்த வழி. இரைச்சல் நீக்கத்தில் அது பெரும் வெற்றி பெற்றது. ஆனால் நோயின் மெல்லிய தடயமும் சிறு குணகமாகவே ஒளிந்திருக்கலாம். வரம்பை உயர்த்தினால் அதுவும் சேர்ந்தே அழியும்.

மருந்து இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. நிக் கிங்ஸ்பரியின் இரட்டை மரச் சிக்கலெண் சிற்றலை ஆறு திசைகளைப் பிரிக்கும், இடமாற்றத்தையும் பெருமளவு தாங்கும். பதிலுக்குப் படத்துக்கு நான்கு மடங்கு எண்களைக் கேட்கும். 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையை முதன்முதலில் சில நிமிடங்களிலேயே இனங்கண்ட லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்தின் தேடல் நிரலும் இத்தகைய மிகையான சிற்றலை எண்களைத் தாராளமாகப் பயன்படுத்தியது. எங்கே, எப்போது வரும் என்று தெரியாத சிக்னலைத் தேடுபவர் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ஆகவே சேமிப்புக்குச் சிக்கனமான சிற்றலை, கண்டறிதலுக்கு மிகையான சிற்றலை என்று நோக்கத்தைப் பொறுத்தே தேர்வு அமைய வேண்டும். மென்பொருளில் முதலில் வரும் தெரிவை அப்படியே ஏற்பது ஆய்வாகாது. எந்தச் சிற்றலை, எத்தனை படிகள், என்ன வரம்பு என்பதை ஒவ்வொரு ஆய்வறிக்கையும் சொல்ல வேண்டும். சிக்னலை ஓரிடம் தள்ளி வைத்து மறுபடி கணக்கிட்டும் பார்க்க வேண்டும். அப்போதும் நிலைக்கும் முடிவையே நோயாளியிடம் சொல்லலாம்.