வண்டிக்கு ஓர் அம்பலம்

டென்மார்க் தேசத்துப் பிரெடெரிசியா நகரத்தை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலையோரத்தில், மின்சாரக் கார்கள் நின்று மின்சாரம் ஏற்றிக்கொள்வதற்கென்று 2019ஆம் ஆண்டில் ஒரு நிலையம் எழுந்தது. கோப்பன்ஹேகனிலுள்ள கோபே என்னும் கட்டடக் கலைஞர் குழு வகுத்த திட்டம் அது. சுவர் என்று ஒன்று கிடையாது. மரத்தாலான தூண்கள், ஒவ்வொன்றும் உச்சியில் குடைபோல விரிந்து, அடுத்த தூணின் விரிவைத் தொட்டுக்கொண்டு பெரிய பந்தலாகிவிடுகிறது. கீழே கார்கள், சுற்றிலும் செடியும் புல்லும். அதன் படங்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பங்க்கின் வாரிசைப் பற்றி நாவல் எழுதுகிறவன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். பெட்ரோல் போட ஐந்து நிமிஷம் போதும். அது யந்திர சமாசாரம். ஆனால் 2020இல் நம் நாட்டில் வெளிவந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் காருக்கு, விரைவாக ஏற்றும் கருவியிலேயே 80 சதவிகிதம் நிரம்ப ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு மனிதன் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா இருக்க நேர்ந்துவிட்டால், அவன் நாவலாசிரியனின் எல்லைக்குள் வந்துவிட்டான்.

பிரெடெரிசியாவின் பெருமை, அந்தக் காத்திருப்பை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதுதான். இங்கிலாந்தில் பிரெயின்ட்ரீ என்ற இடத்தில் 2020 டிசம்பரில் திறந்த நிலையம் வேறு ரகம். ஒரே சமயத்தில் 36 கார்கள் நிற்கலாம். கடைகள், காப்பி, மின்சாரம் உண்டாக்கும் சைக்கிள்கூட உண்டு! காத்திருக்கிறவனைச் சும்மா விடுவானேன் என்ற வியாபார புத்தி அங்கே தெரிகிறது. டென்மார்க்குக்காரர்கள் அவனை மரத்தடியில் விட்டுவிட்டார்கள். இரண்டில் எதை நான் விரும்புகிறேன் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனாலும் அந்தப் படங்களில் எனக்கு ஒரு குறை தட்டுகிறது. அவற்றில் காத்திருக்கிற ஆசாமி காரின் சொந்தக்காரர். தாமே ஓட்டி வருகிறார், தாமே இறங்கிக் கால் நீட்டுகிறார். நம் ஊரில் அப்படியா? கன்னியாகுமரிக்கு வருகிற வாடகைக் கார்களை எண்ணிப் பாருங்கள். ஏறி வந்தவர்கள் கடலையும் கோயிலையும் பார்க்கப் போய்விடுகிறார்கள். வண்டியோடு நிற்கிறவர் டிரைவர். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓட்டி வந்தவர் அவர். நம் நாட்டில் மின்னேற்று நிலையம் என்பது முதலில் டிரைவருக்கான கட்டடம். இதை நினைக்காமல் வரைகிற எந்தப் படமும், எவ்வளவு அழகாயிருந்தாலும், இரவல் படம்தான்.

இரவல் வாங்க அவசியமும் இல்லை. திருவிதாங்கூர்ப் பாதைகளில் வழியம்பலம் கட்டி வைத்தவர்களுக்குக் காத்திருப்பின் இலக்கணம் தெரிந்திருந்தது. சாலையோரத்தில் சுமைதாங்கி என்று இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்கு முன்பே வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அந்தக் கல்லின் உயரத்தைக் கவனியுங்கள். தலைச்சுமைக்காரன் இன்னொருவன் கைத்துணை கேட்காமல், குனியாமல், சுமையை அதன் மேல் நகர்த்திவிடலாம். திரும்பவும் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். அளவெடுத்தது சுமையை அல்ல, சுமக்கிறவனை. 2018இல் மத்திய அரசின் மின்துறை வகுத்த விதிகளில், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு மின்னேற்று நிலையம் வேண்டும் என்றிருந்தது. மின்மாற்றியும் கேபிளும் எப்படி இருக்கவேண்டும், வண்டி வந்து திரும்ப இடம் வேண்டும் என்பதும் இருந்தது. இடம் என்றால் வண்டிக்கு இடம். நான் பார்த்த நிலையங்கள் சிலவற்றில் அந்த வண்டிக்கே நிழல் இல்லை. ஹோட்டலின் பின்புறம், ஜெனரேட்டருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒரு கம்பத்தை நட்டு முடித்துவிட்டார்கள்.

நம் ஜில்லாவில் நல்ல நிலையம் ஒன்றை எங்கே வைக்கலாம் என்று கேட்டால், என் மனசு உதயகிரிக் கோட்டைக்குத்தான் போகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில், தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சியில் சாலையை ஒட்டியே இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியாகிவிட்ட டிலனாய் என்ற டச்சுக்காரரின் கல்லறை உள்ளே இருக்கிறது. இப்போது வனத்துறையின் பூங்கா. நாகர்கோவில் பக்கமிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் போகும்.

பூங்காவில் வைப்பது என்றால் மதிலுக்குள் வைப்பது என்று அர்த்தமில்லை. பூங்கா நடந்து வருகிறவர்களுடைய சொத்து. பஸ்ஸில் வந்து, டிக்கெட் வாங்கி, பிள்ளைகளைக் கையை விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரும் குடும்பத்துக்கு, அந்தக் கையை விடுவதுதான் சுகமே. உள்ளே ஒரு காரை விட்டால் அந்தச் சுகம் போயிற்று. அதனால் கார்கள் சாலைப் பக்கமே, கோட்டைக் கல்லைத் தொடாமல், விலகி நிற்கட்டும். சில கார்களுக்கு மின்சாரம் ஏற்றும் வாய் முன் மூக்கில் இருக்கிறது, சிலவற்றுக்குப் பின் விலாவில். எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாலும் கேபிள் நடைபாதையின் குறுக்கே கிடக்காதபடி கம்பத்தின் இடத்தைத் தீர்மானிக்கவேண்டும். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் கூரை அவசியம். நிழலுக்கு மரம் வைக்கிறவர்கள் தயவுசெய்து தென்னையும் பலாவும் வைக்கவேண்டாம். மேலேயிருந்து விழுகிற சங்கதிகளுக்குக் காரின் கண்ணாடி தாங்காது. புன்னை வைக்கலாம், வேம்பு வைக்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து என்று கேட்டால், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கைகாட்டிவிடுவார்கள். உண்மைதான், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்தக் கணவாயில் காற்று வெறிகொண்டு வீசுவது வைகாசி முதல் ஆவணி வரை. ஐயப்பமார்களின் கார்கள் வரிசை கட்டுகிற மார்கழியில் இறக்கைகள் பாதி தூக்கத்தில் இருக்கும். ‘காற்றில் ஓடும் கார்’ என்று போர்டு எழுதி வைப்பவர்கள் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிக்கொள்வது நல்லது.

மறுபடி டிரைவரிடம் வருகிறேன். அவரால் வண்டியை விட்டு வெகுதூரம் போக முடியாது. 80 சதவிகிதத்துக்கு மேல் மின்சாரம் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் இன்னொரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும், எடுத்து வழிவிடவேண்டும். ஆகையால் அவர் உட்காரும் இடத்திலிருந்து வண்டி கண்ணுக்குத் தெரியவேண்டும். கழிப்பிடம் பூங்கா டிக்கெட்டுக்கு உள்ளே இருக்கக்கூடாது, வெளியே இருக்கவேண்டும். குடிதண்ணீரும் அப்படியே. அரண்மனைக்குப் போன குடும்பம் திரும்பி வர ஒன்றரை மணி ஆகுமென்றால், அந்த நேரம் அவர் படுத்துக் கண்ணயர வேண்டும். இன்று பல பூங்காக்களில் பெஞ்சின் நடுவே ஓர் இரும்புக் கைப்பிடியைப் பொருத்திவிடுகிறார்கள். பார்வைக்கு அலங்காரம், காரியம், யாரும் படுத்துவிடாமல் தடுப்பது. உதயகிரியில் வரைபடம் போடுகிறவர் வேறு எதை விட்டாலும் விடட்டும், அந்தக் கைப்பிடியை விட்டுவிட்டு, பழைய அம்பலத்துத் திண்ணையைப் போல 6 அடி நீளத்துக்கு, முதுகு சுடாத கல்லில், ஐந்தாறு திண்ணை போட்டுவிட்டால் எனக்குப் போதும்.