பாடுபவரா, கேட்பவரா? – தில்லி கவ்வாலி பற்றி ஒரு சிந்தனை

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், தில்லிவாழ் தமிழர்களாகிய நம்மில் பலர் அவர்களை ஒரு வியாழக்கிழமை மாலை நிஜாமுத்தீன் தர்காவுக்கு அழைத்துப் போகிறோம். கவ்வாலி கேட்டுவிட்டுத் திரும்பும்போது, "குரல் என்ன கணீர்னு இருக்கு! ஆனா ஒரே அடியை எத்தனை தடவைதான் பாடுவாங்க?" என்ற கேள்வி தவறாமல் வரும். அந்தக் கேள்வியில்தான் கவ்வாலியின் உயிரே இருக்கிறது என்பது என் கருத்து.

சூஃபிகள் இந்த இசைக்கூட்டத்துக்கு வைத்த பெயர் 'சமா'. அரபுச் சொல். அதன் பொருள் பாடுவது அல்ல, கேட்பது! கச்சேரியில் வித்துவான் தலைவர். இங்கே கேட்பவரே தலைவர். ஓர் அடி ஒருவரை உலுக்கிவிட்டால், அவர் தெளியும்வரை பாடகர் அதை விட்டு நகரலாகாது. பரவசத்தில் ஒருவர் எழுந்து ஆடினால், சபையும் உடன் எழுந்து நிற்பது மரபு. அந்த ஆட்டம் கற்று ஆடுவதல்ல, தானாக வருவது. மெஹ்ரோலியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காக்கி, 1235-இல் ஒரு பாரசீகக் கவிதையைக் கேட்டு மெய்மறந்து, அதையே நாலு நாள் திரும்பத் திரும்பப் பாடச் செய்து உயிர் நீத்தார் என்கிறது சிஷ்தி மரபு.

இவ்வளவு வலிமை உள்ளதற்குக் கட்டுப்பாடும் வேண்டுமல்லவா? பாடுபவர், கேட்பவர், பாடுபொருள், கருவி ஆகிய நான்குக்கும் நிபந்தனை சொன்னவர் நிஜாமுத்தீன் அவுலியா (மறைவு 1325). நரம்புக் கருவிகளை அவர் ஏற்கவில்லை. இன்று அவர் வாசலிலேயே, ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் ஒலிக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கருவி மாறலாம், கேட்பவரின் இடம் மாறக்கூடாது.

சினிமாவில் மாறுவது அதுதான். நம்ம ரஹ்மான் இசையில் 2011-இல் வந்த 'ராக்ஸ்டார்' படத்தின் 'குன் ஃபாயா குன்' இதே தர்காவில் படமாக்கப்பட்டது. ஆர்ப்பாட்டமில்லாத, அடக்கமான பாட்டு. ஆனாலும் எட்டு நிமிடத்துக்குள் அது முடிந்தே தீரும். நீங்கள் உருகி நின்றாலும் அது உங்களுக்காக நிற்காது. "திரும்பப் போட்டுக் கேட்கலாமே" என்பீர்கள். கேட்கலாம், ஆனால் அது உங்கள் முகம் பார்த்துப் பாடாது. இது இசையமைப்பாளரின் குற்றமல்ல, ஒலிப்பதிவின் இயல்பு.

முதல் தடவை தர்காவுக்குப் போனபோது, பாட்டு முடிந்ததும் நான் பலமாகக் கைதட்டினேன். என்னைச் சுற்றி வேறு ஒருவரும் தட்டவில்லை. நான் கச்சேரி கேட்கப் போயிருக்கிறேன், அவர்கள் அதற்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த தடவை போகும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு, பாடகர் எந்த அடியில் நிற்கிறார், யாருக்காக நிற்கிறார் என்று பாருங்கள். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.