நீலக்கோட்டிலிருந்து பெஞ்சுக்கு

1970-களில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் பின்களத்தைக் காத்தவர்கள் மூவர்: லாரி ராபின்சன், செர்ஜ் சவார்ட், கீ லபுவாந்த். 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி அது. ஆட்டத்தை விட்ட பிறகு மூவரும் மூன்று திசைகளில் போனார்கள். சவார்ட் அதே கிளப்பின் மேலாளராகி 1986-லும் 1993-லும் கோப்பை வாங்கித் தந்தார். ராபின்சன் பயிற்சியாளரானார். லபுவாந்த் பயிற்சிப் பொறுப்புகளைக் கடந்து, 1999-இல் மினசோட்டா வைல்ட் கிளப்புக்காக இளம் வீரர்களைத் தேடும் ஸ்கவுட் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் இது ஊறிப்போன வழக்கம். ஓய்வுபெற்ற வீரர்களைக் கிளப்புகள் வெளியே விடுவதில்லை. அதிலும் தடுப்பாட்டக்காரர்களுக்குத் தனி மரியாதை உண்டு. இதற்கு ஆட்டத்திலேயே காரணம் இருக்கிறது. முன்கள வீரர் எதிரணியின் கோலை நோக்கிப் பாய்கிறவர். அவர் முதுகுக்குப் பின்னால் நடப்பது பல நேரம் அவருக்குத் தெரியாது. தடுப்பாட்டக்காரருக்கோ ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே விரிகிறது. பக் என்னும் ரப்பர் வட்டைத் தன் மூலையிலிருந்து எடுத்து வெளியே கொண்டுவரும் அந்த ஓரிரு நொடிகளில், பாய்ந்து வருகிறவன் யார், தன் இணை எங்கே நிற்கிறான், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் கணக்கிட்டாக வேண்டும். இருபது ஆண்டுகள் இதையே செய்தவரிடம் கற்றுக்கொடுக்க நிறைய சேர்ந்திருக்கும்.

ராபின்சனே இதற்குச் சிறந்த சான்று. இளம் வீரர்களைக் கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1971-இல் இருபதாவதாகத் தேர்வானவர். ஜூனியர் காலத்தில் முன்களத்திலிருந்து பின்களத்துக்கு மாறியவர். ஆடிய இருபது பருவங்களிலும் அவர் அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஆள் கூடுதலாக உள்ள அணி போடும் கோல்களை விட்டுவிட்டு, ஒருவர் களத்தில் இருக்கையில் தம் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் கிடைப்பது பிளஸ்-மைனஸ். அதில் அவருடைய வாழ்நாள் கணக்கு 700-க்கும் மேல். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

பயிற்சியாளர் ராபின்சனின் கதை இவ்வளவு நேரானதல்ல. 1995-இல் நியூஜெர்சி டெவில்ஸ் முதல் கோப்பையை வென்றபோது அவர் ஜாக் லெமெயரின் துணைப் பயிற்சியாளர். அந்த வெற்றி அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அங்கே நான்கு பருவங்களில் ஒரே ஒருமுறைதான் பிளேஆஃப். 1998-இல் கிடைத்த அந்த வாய்ப்பிலும் செயிண்ட் லூயிஸிடம் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. நல்ல அணி இல்லை என்று ஒரு பங்கு பழியைக் கழிக்கலாம். முழுவதையும் கழிக்க முடியாது.

டெவில்ஸுக்குத் திரும்பினார். 2000 மார்ச்சில், பருவம் முடிய எட்டு ஆட்டங்களே இருந்த நிலையில், ராபி ஃப்டோரெக்கை நீக்கிவிட்டு நிர்வாகம் ராபின்சனைத் தலைமை இடத்தில் அமர்த்தியது. பிலடெல்பியாவுக்கு எதிரான அரையிறுதித் தொடரில் அணி 1-3 என்று பின்தங்கியது. பொதுவாக மென்மையானவர் என்று பேர் வாங்கிய அவர் அன்று உடைமாற்றும் அறையில் வெடித்தார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்ற அணி, இறுதியில் டல்லாஸையும் சாய்த்துக் கோப்பையைத் தூக்கியது. அந்தக் கோபம் பலித்ததற்குக் காரணம், அது ஆறு கோப்பைகளை ஆடி வென்றவரின் கோபம் என்பதுதான் என்றே தோன்றுகிறது. வேறொருவர் கத்தியிருந்தால் ஸ்காட் ஸ்டீவன்ஸ் போன்ற மூத்த வீரர்கள் அப்படிக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆனால் 2001 இறுதித் தொடரில் கொலராடோவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். 2002 ஜனவரியில் அவரே நீக்கப்பட்டார். 2005-இல் மறுபடி அதே நாற்காலி. அந்த டிசம்பரிலேயே மன அழுத்தம் தாங்காமல் விலகினார். விலகியவர் ஹாக்கியை விடவில்லை. துணைப் பொறுப்புகளில் திரும்பினார், சான் ஹோசே ஷார்க்ஸுக்குப் போனார், 2019-இல் செயிண்ட் லூயிஸ் புளூஸ் கோப்பை வென்றபோது அதன் ஆலோசகராக இருந்தார். தலைமைப் பயிற்சியாளராக அவருக்குக் கிடைத்த கோப்பை ஒன்று. துணை நின்று, ஆலோசனை சொல்லிச் சேர்ந்தவை மூன்று.

இந்த வழக்கத்தின் பெரிய குறை இங்கேதான் தெரிகிறது. கற்றுக்கொடுப்பதையும் தலைமை தாங்குவதையும் கிளப்புகள் ஒரே ஏணியின் இரண்டு படிகளாக நினைக்கின்றன. ஃபில் ஹவுஸ்லி இன்னோர் எடுத்துக்காட்டு. தடுப்பாட்டக்காரராக 1,232 புள்ளிகள் குவித்தவர். நாஷ்வில் அணியின் துணைப் பயிற்சியாளராக அவர் வளர்த்தெடுத்த பின்களம் 2017-இல் இறுதிப்போட்டி வரை போனது. உடனே பஃபலோ அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. முதல் பருவத்தில் லீக்கிலேயே கடைசி இடம். இரண்டாவது பருவம் முடிந்ததும் வேலை போயிற்று. நாஷ்வில் இழந்தது ஓர் அருமையான ஆசிரியரை. பஃபலோவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஒன்பது கோப்பைகளை வென்ற பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2020-லும் 2021-லும் டாம்பா பே அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜான் கூப்பர் வழக்கறிஞராக இருந்தவர்.

ஆடிய அனுபவம் வேண்டுமா என்ற கேள்வி ஸ்கவுட் வேலையில் இன்னும் கூர்மையாகிறது. பயிற்சியாளர் எதிரே இருக்கும் வீரனைத் திருத்துகிறார். ஸ்கவுட் பதினெட்டு வயதுப் பையன் இருபத்தைந்தில் என்னவாக இருப்பான் என்று ஊகிக்கிறார். முன்னாள் வீரரின் கண் தொழில்நுட்பத்தைச் சட்டென்று பிடித்துவிடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தன்னைப் போன்றவனையே தேடும் பழக்கமும் அந்தக் கண்ணுக்கு எளிதில் வந்துவிடும். கனடாவில் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980-களிலேயே காட்டினார்: ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதி. சில மாதங்கள் மூத்தவன் உயரமாக இருப்பான். உயரம் திறமையாகக் கண்ணுக்குப் படும்.

இதற்கு மாறாக, டெட்ராய்ட் ரெட் விங்ஸின் ஸ்வீடன் ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் முன்பு மீன்பிடி வழிகாட்டியாக இருந்தவர். பாவெல் தத்சியுக்கை 1998-இல் 171-ஆவது இடத்திலும், ஹென்ரிக் செட்டர்பெர்கை 1999-இல் 210-ஆவது இடத்திலும் அந்தக் கிளப் எடுத்ததற்குப் பின்னால் இருந்தது அவருடைய கண்தான். இருவரும் உலகத் தரத்து வீரர்களானார்கள்.

முன்னாள் தடுப்பாட்டக்காரர்களை ஒதுக்கிவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பிரென்ட் பர்ன்ஸைப் பாருங்கள். ராபின்சனைப் போலவே இருபதாவது தேர்வு; 2003-இல் மினசோட்டா அவரை முன்கள வீரராகத்தான் எடுத்தது. அப்போது அங்கே பயிற்சியாளராக இருந்த லெமெயர் அவரைப் பின்களத்துக்கு மாற்றினார். பிறகு சான் ஹோசேயில் மறுபடி முன்களம், மறுபடி பின்களம். ராபின்சனும் அந்தக் கிளப்பில் இருந்த ஆண்டுகள் அவை. 2017-இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது பர்ன்ஸுக்குக் கிடைத்தது. பனிக்களத்தில் பக்கத்தில் நின்று, ஸ்டிக்கை எங்கே வைப்பது, எதிராளிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று காட்டுகிற வேலைக்கு இத்தகைய அனுபவசாலிகளை விடப் பொருத்தமானவர்கள் இல்லை. அந்த வேலைக்கே தலைமைப் பயிற்சியாளருக்கு இணையான சம்பளமும் பெயரும் தந்து அவர்களை அங்கேயே வைத்திருப்பதுதான் நியாயம்.

டிராஃப்ட் மேசை வேறு. அங்கே வெளியாட்களின் கண்ணும் எண்களைப் படிப்பவர்களும் சம உரிமையோடு உட்கார வேண்டும். ஆறடி நான்கு அங்குல ராபின்சன் ஆடிய அதே கனேடியன்ஸ் 2022-இல் லேன் ஹட்சன் என்ற குள்ளமான தடுப்பாட்டக்காரரை 62-ஆவது இடத்தில் எடுத்தது. 2025-இல் அவர் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார். அவருக்கு முன்னால் 61 பெயர்கள் வாசிக்கப்பட்டன; அந்தப் பட்டியலில் மான்ட்ரியலே தேர்ந்தெடுத்த பெயர்களும் உண்டு.