டேக் அழுத்துவதற்கு முன்னால்

ஒளிபரப்பு நிலையத்தின் எம்சிஆரில், அதாவது மாஸ்டர் கன்ட்ரோல் அறையில், காலம் தள்ளியவர்கள் ரவுட்டர் பேனலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், எத்தனை சோர்ஸ், எத்தனை டெஸ்டினேஷன் என்ற கணக்கில் நேரத்தை வீணாக்குவதில்லை. தேர்ந்தெடுத்த மாற்றத்தை நிறைவேற்றும் டேக் பொத்தானுக்கு நேரே வந்துவிடுவார்கள். விரலுக்கு அது எவ்வளவு ஆழம் இறங்கும், அடுத்து வர ப்ரீசெட்டில் காத்து நிற்கும் சோர்ஸின் பெயர் எப்படி மினுக்கிக்கொண்டிருக்கும், படத்தை மட்டும் மாற்றி ஒலியைப் பழைய இடத்திலேயே விட எந்த லெவலை அணைக்க வேண்டும் என்று பேச்சு நீளும். வெளியாள் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார். உள்ளே இருப்பவருக்கு மொத்தக் கலையும் அந்தப் பொத்தானுக்கு முன்னாலும் பின்னாலும்தான் இருக்கிறது.

முதலில் பின்னால். டேக் அழுத்தியதும் கிராஸ்பாயின்ட் மாறிவிடுவதாகத்தான் கண்ணுக்குப் படும். உண்மையில் ரவுட்டர் காத்திருக்கிறது. 625 வரி எஸ்டிஐ என்றால் ஆறாவது வரி, 1080 எச்டி என்றால் ஏழாவது வரி. எஸ்எம்பிடிஇ அமைப்பின் ஆர்பி 168 பரிந்துரை குறித்துக் கொடுத்த இடம் அது. படம் ஏதும் ஓடாத அந்தச் சந்தில் சிக்னல் கை மாறும். பல மாற்றங்களை ஒரே ஆணையாக்கும் சால்வோவில் நாற்பது கிராஸ்பாயின்ட் அடுக்கியிருந்தாலும் நாற்பதும் அதே சந்தில் மாறும். நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் காத்திருப்பு 40 மில்லி வினாடியைத் தாண்டாது. வருகிற சோர்ஸ்கள் எல்லாம் ஜென்லாக்கில், அதாவது ஒரே தாளத்தில், இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் தவறி வந்தால் மானிட்டரில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். யாரும் ஒன்றும் சொல்லாமலே தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பும்.

2017இல், படத்தை ஐபி வலையில் அனுப்பும் எஸ்டி 2110 தரநிலை வெளியானபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். படம், ஒலி, துணைத் தரவு மூன்றும் தனித்தனிப் பாக்கெட் ஓடைகளாகப் பிரிந்தன. பிஎன்சி கனெக்டரைத் திருகிப் பூட்டும் சுகம் போயிற்று. அந்தப் புலம்பலில் பாதி வெறும் பழக்க தோஷம். மீதிப் பாதியில் விஷயம் இருக்கிறது. எச்டி எஸ்டிஐ, திரையில் என்ன ஓடினாலும் 1.485 கிகாபிட் எடுத்துக்கொள்ளும். அதே 1080ஐ 50 படத்தை 10 பிட்டில் 2110இல் அனுப்பினால் ஏறக்குறைய 1.04 கிகாபிட் போதும். காரணம், கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் மட்டுமே பயணம் செய்கின்றன; பிளாங்கிங் அனுப்பப்படுவதில்லை. அதாவது, எந்த ஏழாவது வரியில் சத்தமில்லாமல் வேலை நடந்ததோ அந்த வரியே இப்போது கம்பியில் கிடையாது.

அப்படியென்றால் மாற்றம் எங்கே நடக்கிறது? வாங்குகிற கருவிக்குள். சென்டர் தன் பாட்டுக்கு 239இல் தொடங்கும் ஒரு மல்டிகாஸ்ட் முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். யார் எடுக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எடுப்பதா விடுவதா என்பது ரிசீவரின் பாடு. அந்த ரிசீவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு அதே 2017இல் ஏஎம்டபிள்யூஏ தந்த விடைதான் ஐஎஸ்-05. அது சேர்ந்த என்மோஸ் என்ற தரநிலைக் குடும்பத்தில் ரசிக்க ஒன்றே ஒன்று மிஞ்சும் என்றால் அது இதுதான். இன்னும் குறிப்பாக, அதன் ஸ்டேஜ்டு, ஆக்டிவ் என்ற இரண்டு அறைகள்.

பொத்தானுக்கு முன்னால் இருப்பது இங்கேதான். ஆக்டிவ் என்பது இப்போது ஓடுவது. ஸ்டேஜ்டு என்பது அடுத்து ஓட வேண்டியது. புதிய சென்டரின் ஓடையை விவரிக்கும் எஸ்டிபியை ஸ்டேஜ்டில் வைக்கலாம், முகவரியைத் திருத்தலாம், மாஸ்டர் எனேபிளைப் போடலாம், பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறொன்று வைக்கலாம். திரையில் ஓடும் படம் அசையாது. இலை போட்டு, உப்பு முதல் பாயசக் கிண்ணம் வரை வைத்துவிட்டு, சாதத்துக்காகக் கை கட்டி உட்கார்ந்திருக்கும் பந்தி மாதிரி ஒரு நிலை அது. ஆக்டிவேட் என்ற சொல் வந்த பிறகுதான் ஸ்டேஜ்டில் இருப்பது ஆக்டிவுக்கு நகரும். பழைய பேனலின் ப்ரீசெட்டும் டேக்கும் அப்படியே ஜேசன் உடுப்புப் போட்டு வந்து நிற்கின்றன. முடிவெடுப்பது ஒரு செயல், நிறைவேற்றுவது வேறொரு செயல் என்று தெரிந்தவர்கள் எழுதிய ஏடு.

ஒலியை வலை வழியே அனுப்பும் டான்டேயின் பக்தர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சிட்னியின் ஆடினேட் கொடுத்த அந்தக் கட்டப் பலகையின் அழகை யாரும் மறுக்கவும் முடியாது. மேலே அனுப்புபவர்கள், இடது பக்கம் வாங்குபவர்கள். சந்திக்கிற கட்டத்தில் ஒரு கிளிக், பச்சை டிக், வேலை முடிந்தது. மேடைக் கச்சேரிக்கு அது போதும், அருமையாகவே போதும். ஆனால் நினைப்பதும் செய்வதும் அங்கே ஒரே கிளிக். 2015இல் நியூடெக் கொண்டுவந்த என்டிஐயிலும் இதே கதை. பெயர்கள் தாமாகவே வந்து பட்டியலில் நிற்கும், படம் சுருங்கி வருவதால் ஒரு கிகாபிட் ஸ்விட்சே தாங்கும். சின்ன ஸ்டுடியோக்களுக்கு அது வரப்பிரசாதம். பந்தி பரிமாறும் ஒழுங்கை மட்டும் அங்கே தேடக் கூடாது.

ஐபியில் ஒழுங்கு தவறினால் என்னவாகும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 2160பி 50 படம், 10 பிட், 4:2:2. கணக்குப் போட்டால் 8.3 கிகாபிட் வருகிறது. 10 கிகாபிட் போர்ட்டில் ஒன்றுதான் கொள்ளும். ரிசீவர் பழையதை விட்டுப் புதியதைக் கேட்கிறது. ஐஜிஎம்பி லீவ் செய்தி வந்ததும் ஸ்விட்ச், வேறு யாருக்காவது இந்த ஓடை வேண்டுமா என்று விசாரிக்கிறது. இயல்பான அமைப்பில் 1 வினாடி இடைவெளியில் 2 முறை. ஆக, ஏறத்தாழ 2 வினாடி பழைய ஓடையும் நிற்கவில்லை, புதிய ஓடையும் வந்து சேர்ந்துவிட்டது. 10 கிகாபிட் குழாயில் 16.6 கிகாபிட். படம் கட்டம் கட்டமாகச் சிதறும். ஃபாஸ்ட் லீவ் போடலாம், 25 கிகாபிட் போர்ட் வாங்கலாம், எஸ்டிஎன் கன்ட்ரோலரிடம் பொறுப்பை விடலாம். எதைச் செய்தாலும், பழையதை விடுமுன் புதியதைப் பிடிக்க இடம் வைத்துத்தான் வலையைக் கட்ட வேண்டும்.

ஐபி உலகில் குறை என்று எடுத்தால் பெயர் வைப்பதில் ஆரம்பிக்கலாம். ப்ரோ-பெல் காலத்து ரவுட்டர் நெறிமுறையான எஸ்டபிள்யூ-பி-08இல் சோர்ஸ் பெயருக்குப் பெரும்பாலும் 4 எழுத்தோ 8 எழுத்தோ இடம் கிடைக்கும். அந்த எட்டுக்குள் எந்த அரங்கம், எந்த கேமரா, எந்த ஃபீட் என்று மூன்றையும் அடக்கிக் காட்டியவர்கள் உண்டு. இருட்டில், அவசரத்தில், ஒரு பார்வையில் படிக்க வேண்டிய பெயர்கள் அவை. இன்று லேபிளுக்கு எழுத்துத் தட்டுப்பாடே இல்லை. பட்டியலைத் திறந்தால் தொழிற்சாலையில் வைத்த சீரியல் எண்கள் வரிசையாக நிற்கின்றன, கடைசி நாலு இலக்கத்தில் மட்டும் வேறுபட்டு. கருவிகளின் பெயர்ப் பதிவேடான ஐஎஸ்-04 ரெஜிஸ்ட்ரிக்கு ஒவ்வொரு கருவியும் 5 வினாடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்புகிறது. 12 வினாடி துடிப்பு வராவிட்டால் பெயர் நீக்கப்படுகிறது. இவ்வளவு கருத்தாகப் பேணப்படும் ஏட்டில் மனிதர் படிக்கத்தக்க பெயரை எழுத ஒருவருக்கும் நேரமில்லை.

அதைவிட வருத்தம் ஸ்டேஜ்டு அறையைப் பாதிதான் பயன்படுத்துகிறார்கள் என்பது. ஐஎஸ்-05இல் ஆக்டிவேட் செய்ய மூன்று வழிகள் உண்டு: உடனே, இத்தனை நேரம் கழித்து, இன்ன நேரத்துக்கு. மூன்றாவதுதான் சால்வோவின் உண்மையான வாரிசு. பிடிபி கடிகாரம் எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தைக் காட்டுவதால், நாற்பது ரிசீவருக்கும் ஒரே நேரத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். ஆனால் நேரம் குறித்த ஆணையை எல்லாக் கருவிகளும் ஏற்பதில்லை. கன்ட்ரோலர் எழுதுபவர்களும் ‘உடனே’ என்பதையே நாற்பது முறை அனுப்பிவிட்டு அதற்கு சால்வோ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். படம் ஒவ்வொன்றாக மாறுவது மல்டிவியூவரில் அப்பட்டமாகத் தெரியும். மெனக்கெட்டு நேரம் குறிக்க முனைபவர்களில் சிலர் யூடிசியில் எழுதிவிடுகிறார்கள். கருவி எதிர்பார்ப்பதோ டிஏஐ. 2017 முதல் அது யூடிசியைவிட 37 வினாடி முன்னால் ஓடுகிறது. அரை நிமிடம் கழித்து நடக்க வேண்டிய மாற்றத்துக்கு, ஆணை போய்ச் சேரும்போதே 7 வினாடி கடந்துவிட்டிருக்கும்.