எழுத்தெண்ணிப் படித்தவர்

ஒருவருடைய புலமையை மெச்சும்போது 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்கிறோம். அப்படி மெச்சப்பட்ட யாரும் உட்கார்ந்து எண்ணியதாகத் தெரியவில்லை. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவ் நிஜமாகவே எண்ணினார். புஷ்கினின் செய்யுள் நாவல் 'யெவ்கேனி ஒனேகி'னின் முதல் அத்தியாயம் முழுவதும், இரண்டாவதில் பதினாறு செய்யுட்களும் அவர் எடுத்துக்கொண்டவை. நிறுத்தக்குறி, சொல் இடைவெளி, தமக்கென ஒலியில்லாத இரண்டு ரஷ்யக் குறிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிஞ்சிய 20,000 எழுத்துக்களைப் பத்துக்குப் பத்தாகக் கட்டமிட்டு எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. 1913 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்தில் இதை வாசித்தார்.

கவிதை வாசகனுக்கு இதைக் கேட்டதும் எரிச்சல் வரும். எண்ணிக்கை அனுபவத்தைக் கொன்றுவிடும் என்பது நம்மிடையே விவாதிக்கவே தேவையில்லாத சத்தியமாகிவிட்டது. ஆனால் மார்க்கோவ் எதற்காக எண்ணினார் என்று கேட்டால் விஷயம் வேறு திசையில் போகிறது.

அதற்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வானியலாளர் கெத்லே, 1835இல் மனிதனைப் பற்றிய தம் நூலுக்கு 'சமூக பௌதிகம்' என்று உபதலைப்புக் கொடுத்தார். ஒரு நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் அளவுகள் அதன் உண்மையான இடத்தைச் சுற்றிச் சிதறும். சராசரி எடுத்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். இந்தத் தர்க்கத்தை அவர் அப்படியே மனிதர்கள் மேல் கவிழ்த்தார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிப்பாய்களின் மார்பளவுகள் அதே மணி வடிவில் சிதறியதைப் பிற்பாடு எடுத்துக்காட்டவும் செய்தார். நட்சத்திரம் ஒன்றுதான், சிப்பாய்களோ ஐயாயிரம் பேர். அவர்கள் அத்தனை பேரையும், ஒரே மனிதனைத் தப்பும் தவறுமாக அளந்த அளவுகளாகப் பாவித்தால்தான் 'சராசரி மனிதன்' பிறப்பான். கெத்லேக்கு அவனே லட்சியம், மற்றவர்கள் பிழைகள். (சேமிப்புக் கணக்குப் பேரேட்டில் சராசரி இருப்பு என்று ஒரு தொகையைப் போடலாம். அந்தத் தொகை எந்தக் கணக்கிலும் இருக்காது. குமாஸ்தா அதை யாருக்கும் பட்டுவாடா செய்வதில்லை.)

வருஷந்தோறும் குற்றங்களின் தொகை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதையும் கெத்லே காட்டினார். அப்படியானால் குற்றவாளிக்குச் சுயேச்சை ஏது என்ற கலவரம் ஐரோப்பாவெங்கும் கிளம்பியது. 1902இல் மாஸ்கோ கணிதவியலாளர் நெக்ராஸோவ் அதற்கு ஒரு சாமர்த்தியமான விடை சொன்னார்: நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால்தான் சராசரி நிலைத்து நிற்கும், சமூகத்தில் நிலைத்து நிற்கிறது, ஆகவே மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை, ஆகவே மனிதன் சுதந்திரன். கணிதத்தின் வழியே ஆத்மாவுக்கு ஒரு சான்றிதழ்.

மார்க்கோவுக்கு இது பொறுக்கவில்லை. மனிதர் கோபக்காரர், 1912இல் தம்மைச் சமயவிலக்கம் செய்யும்படி ரஷ்யத் திருச்சபைக்குத் தாமே விண்ணப்பித்தவர். ஒன்றையொன்று சார்ந்து சங்கிலியாக வரும் நிகழ்ச்சிகளிலும் சராசரி நிலைக்கக்கூடும் என்று 1906இல் நிறுவினார். ஸ்தூலமான உதாரணமாகப் பிறகு வந்தவர்தான் புஷ்கின். மொத்தத்தில் ஓர் எழுத்து உயிராயிருக்கும் நிகழ்தகவு 0.432. முந்தியது உயிரானால் அது 0.128ஆக விழுகிறது, மெய்யானால் 0.663ஆக ஏறுகிறது. எழுத்து எழுத்தைச் சார்ந்தே வருகிறது, சராசரியும் நிற்கிறது. நெக்ராஸோவின் முதல் படி சரிந்தது. மனிதன் சுதந்திரன் அல்லன் என்று இதிலிருந்து மார்க்கோவ் சொல்லவில்லை. அந்த வழக்கில் சராசரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதோடு சரி.

புஷ்கினிடமிருந்து அர்த்தம், எதுகை, மூச்சு, எல்லாவற்றையும் அவர் பிடுங்கியெறிந்தது வாஸ்தவம். தெரிந்து எறிந்தார். எஞ்சியதைக் கவிதை என்று சொல்லவில்லை. கெத்லே ஐயாயிரம் பேரைத் தூக்கியெறிந்துவிட்டு, எஞ்சியதை மனிதன் என்றார். சமூக விஞ்ஞானங்கள் இந்த இரண்டு வழிகளில் எதைப் பின்பற்றின என்பதை ஓர் அறிவுச்சோதனை மதிப்பெண்ணையோ, ஒரு தலாவீத வருமானப் பட்டியலையோ எடுத்துப் பார்த்தால் தெரியும்.

இதே கணக்கைத் தமிழில் போட்டால் என்ன வரும்? அளபெடையை விட்டுவிட்டால், சொல்லுக்குள் உயிரை அடுத்து உயிர் வராது. உடம்படுமெய் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கம்பனை எண்ணினாலும் பஞ்சாங்கத்தை எண்ணினாலும் அந்த இடத்தில் பூஜ்யம்தான். 0.128 என்பதிலும் பெரும்பகுதி ரஷ்ய மொழியின் சுபாவமாகத்தான் இருக்கவேண்டும். புஷ்கினுடைய பங்கு எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

பிரித்தெடுக்கலாம் என்று நம்பியவரும் உண்டு. இருபது வருஷங்களுக்கு மேல் ஜார் மன்னரின் சிறைகளில் கிடந்த புரட்சிக்காரர் மோரொசோவ், இடைச்சொற்களின் விகிதத்தைக் கொண்டு ஆசிரியனை அடையாளம் காணும் முறையொன்றை 1915இல் வெளியிட்டார். நூலுக்கு ஆயிரம் சொல் அளவில் எடுத்து வரைபடம் போட்டார். மறு வருஷமே அதை மறுத்து எழுதியவர் மார்க்கோவ். படைப்பின் மர்மம், மேதையின் தனித்துவம் என்றெல்லாம் அவர் பேசவில்லை. இத்தனை சிறிய மாதிரியில் வித்தியாசங்கள் தற்செயலாகவும் வரலாம், இன்னும் மிகப் பெரிய அளவில் எண்ணினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அக்ஸாகோவின் உரைநடையில் ஒரு லட்சம் எழுத்துக்களை எண்ணியிருந்தவர் சொன்னது அது.