மேலணையும் கீழணையும்: நைல் நீர்மின் இழப்பைக் கணக்கிடும் முறை குறித்து

எத்தியோப்பியா 2011-இல் நீல நைலின் குறுக்கே கட்டத் தொடங்கிய மறுமலர்ச்சிப் பேரணை ஏறத்தாழ 74 பில்லியன் கனமீட்டர் கொள்ளளவு உடையது. அவ்வாற்றின் சராசரி ஆண்டு நீர்வரத்தோ ஏறக்குறைய 49 பில்லியன் கனமீட்டர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, தேக்கப்படும் நீர் முழுவதும் எகிப்தின் அசுவான் உயரணைக்கு (2,100 மெகாவாட்) மின்னிழப்பாகும் எனக் கொள்வது எளிது. பொருளியல் நோக்கில் அது பொருந்தாது.

அசுவானில் நீர் திறக்கப்படுவது முதன்மையாகப் பாசனத்தை முன்னிட்டே. மின்சாரம் அதன் துணைப்பயன். வரத்துக் குறைந்த ஆண்டிலும் நாசர் ஏரியின் இருப்பிலிருந்து வழக்கமான அளவைத் திறக்க இயலும். அப்போது சுழலிகள் வழியே செல்லும் நீர் குறைவதில்லை. நீர் விழும் உயரமே குறைகிறது. ஏரிமட்டம் 180 மீட்டரிலிருந்து 165-க்கு இறங்குவதாகக் கொள்வோம். அணையின் கீழ்ப்புற மட்டம் ஏறத்தாழ 110 மீட்டர் என்பதால், வீழுயரம் 70-இலிருந்து 55 மீட்டராகிறது. அதே அளவு நீர் தரும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகவே குறைந்துவிடும். உழவர் எதையும் இழக்காத ஆண்டில் மின்துறை இழக்கிறது. மறுபுறம், ஏரிப்பரப்பு சுருங்குவதால் ஆவியாதல் குறையும். ஆண்டுக்குப் பத்து பில்லியன் கனமீட்டர் அளவில் ஆவியாகும் ஏரியில் இது சிறிய வரவன்று. எனினும் இவ்வரவு நீர்க்கணக்கைச் சேர்ந்தது. மின்கணக்கில் அதனை ஈடாக எழுதிக்கொள்வது முறையன்று.

இழந்த மின்சாரத்திற்கு விலையிடுவதில் சிக்கல் இன்னும் மிகுதி. மானியத்தால் தாழ்த்தப்பட்ட உள்நாட்டுக் கட்டணத்தைக் கொண்டு மதிப்பிட்டால் இழப்பு சிறுத்துத் தோன்றும். ஈடாக எரிக்கப்படும் இயற்கை எரிவாயுவின் வாய்ப்புச் செலவே தக்க அளவுகோல். அதுவும் நிலையானதன்று: அணையில் நீர் நிரப்பத் தொடங்கிய 2020-இல் எரிவாயு மலிவு, 2022-இல் உலகச் சந்தையில் அதன் விலை உச்சம் தொட்டது, 2024-இல் எகிப்து திரவ எரிவாயுவை மீண்டும் இறக்குமதி செய்தது. ஓர் அலகு மின்சாரத்தின் இழப்பு மூன்று ஆண்டுகளில் மூன்று மதிப்புப் பெறும்போது, ஒற்றைத் தொகையாக இழப்பைக் கூறுவதில் பொருளில்லை.

சூடானின் நிலை வேறு. ரோசெரிஸ் போன்ற அதன் அணைகளுக்கு ஆண்டு முழுவதும் சீரான வரத்தும் குறைந்த வண்டலும் ஆதாயமே. திறப்பளவு முன்கூட்டித் தெரிவிக்கப்படும் வரை. 2015-ஆம் ஆண்டு கார்ட்டூம் கொள்கைப் பிரகடனம் தகவல் பரிமாற்றத்தைக் கூறினாலும், தொடர் வறட்சியில் மேலணை எவ்வளவு நீரை விடுவிக்க வேண்டும் என்பதை வரையறுக்கவில்லை. நிரப்புதல் ஒருமுறையோடு முடிவது. வறட்சி மீண்டும் மீண்டும் வருவது. நிரப்புங்கால இழப்பில் காட்டிய அக்கறையை ஆய்வுகள் இனி வறட்சிக்கால இயக்க விதிக்குத் திருப்ப வேண்டியுள்ளது.