‘ஜிஹாது’: ஒரு சொற்பொருட் குறிப்பு

குர்ஆன் முழுவதையும் முதன்முதல் தமிழிற் பெயர்த்த அப்துல் ஹமீது பாகவியார், வேலூர்ப் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்து அரபுக் கல்லூரியிற் பயின்றவர். ‘பாகவி’ என்பது அக்கல்லூரி வழி வந்த பட்டமே. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் அரபுக் கல்வி இவ்வாறு வேரூன்றியிருந்தும், ‘ஜிஹாது’ என்பதைப் ‘புனிதப் போர்’ என்றெழுதும் வழக்குத் தமிழில் நீங்கவில்லை. இது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இச்சொல்லின் வேர் முயற்சி, பாடு எனப் பொருள்படும். படைகொண்டு பொருதலுக்குக் குர்ஆன் ஆளும் சொல் ‘கிதால்’. மக்காவில் அருளப்பெற்ற 25ஆம் அத்தியாயத்தின் 52ஆம் வசனம், மறையைக் கொண்டே பெரிய ஜிஹாது செய்யுமாறு நபிகளைப் பணிக்கின்றது. போருக்கு இசைவு தரும் வசனம் (22:39) ஹிஜ்ரத்தையொட்டி வந்தது என்பர். ஆதலின் முன்னதிற் போர்ப்பொருள் கொள்ளல் இயலாது. பகைவர் அமைதியை நாடின் தாமும் அதற்கிசையுமாறு 8:61 பணித்தலும் நோக்குக.

எனினும், பிற்காலச் சட்ட நூலார் இச்சொல்லைப் பெரிதும் போரென்னும் பொருளிலேயே ஆண்டனர். அதனை மறைத்தல் ஆய்வு நெறியன்று. பெண்டிரையும் சிறாரையும் கொல்லலாகாதென அவர் வகுத்த வரம்பையும் உடன் கூறல் வேண்டும். மனத்தொடு பொருதலே பெரிய ஜிஹாது என்னும் நபிமொழியைச் சிலர் சான்றாகக் காட்டுவர். அதன் அறிவிப்புத் தொடர் வலிவற்றது என்பது ஹதீஸ் அறிஞர் பலர் துணிபாதலின், யாம் அதனைச் சார்ந்திலம்.

‘அறப்போர்’ என்னும் பெயர்ப்பும் போரையே முன்னிறுத்துகின்றது. இடம் நோக்கி ‘அறமுயற்சி’ என்றும் ‘போர்’ என்றும் பிரித்தெழுதுதலே தக்கது.